வாய்ப் புற்றுநோயும் வைரஸ் கிருமியும்



நம் சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளுக்குள் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் இடமில்லை. ஒரு பொறி போதும், ஆலையே அழிந்துவிடும். அதனால்தான் வாசலில் காவல் வைக்கிறார்கள். நம் உடலின் செல்களிலும் இப்படி ஒரு காவல் உண்டு. ‘பி53’ என்னும் புரதமே அக்காவலர். செல்லின் மரபுப்பொருளில் பழுது நேர்ந்தால், அச்செல் பெருகாமல் அது தடுக்கும். பழுது பெரிதானால் அச்செல்லையே மடியச் செய்யும். இக்காவல் தவறும்போது செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றுநோயாக மாறக்கூடும்.

வாயிலும் தொண்டையிலும் இக்காவலை வீழ்த்தும் பகைவர் இருவர்.

முதற் பகைவன் புகையிலை. ஆலைக்குள் பீடியைத் தொடாதவர்கள்கூட, வெற்றிலையோடு கன்னத்தில் அடக்கும் புகையிலையைப் பெரிதாக நினைப்பதில்லை. அதில் நெருப்பு இல்லையே! ஆனால் அதன் நச்சு மரபுப்பொருளையே சிதைக்கிறது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்குத் தலையாய காரணம் புகையிலையே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது.

இரண்டாம் பகைவன் ‘எச்.பி.வி.’ எனப்படும் பாப்பிலோமா வைரஸ். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் மருக்களை மட்டுமே உண்டாக்கும். 16ஆம் வகையே மிகக் கொடியது. அது உண்டாக்கும் ‘ஈ6’ என்ற புரதம் பி53 காவலரை அழித்துவிடுகிறது. 1983இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனின் குழுவினர் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியில் இவ்வகையைக் கண்டுபிடித்தனர். அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இதே வைரஸ் டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது. கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்றில் இதன் பங்கு குறைவு.

வைரஸ் என்றதும் அஞ்சி, நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பது பெருந்தவறு. புற்றுநோய் ஒட்டுநோய் அன்று. இந்த வைரஸ் நெருங்கிய உடலுறவின் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது; பலரது உடல் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை வென்றுவிடுகிறது.

இதற்குத் தடுப்பூசியும் உண்டு. 9 முதல் 14 வயதுவரை உள்ள சிறுமியருக்கு அதைப் போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்க வந்த இந்த ஊசி, தொண்டைக்கும் காப்பளிக்கும் என மருத்துவர்கள் எதிர்பார்க்கின்றனர். ஆனால் புகையிலைக்குத் தடுப்பூசி இல்லை; அதை விடுவது ஒன்றே வழி.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவானது. அங்கு வாழ்நாளெல்லாம் உழைத்து 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இந்நோயைக் குணமாக்கலாம் என்று ஓயாமல் எடுத்துரைத்தார்.

தோழிகளே, இன்று வீட்டுக்குச் சென்றதும் பாட்டியின் சுருக்குப்பையைப் பிடுங்கிச் சண்டையிட வேண்டாம். அருகில் அமர்ந்து, டார்ச் விளக்கை அடித்து, “வாயைக் காட்டுங்கள் பாட்டி” என்று அன்போடு கேளுங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடல் இறைவன் வாழும் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்கிறோம். அவ்வாலயத்துக்கு நாமும் காவலராய் நிற்போம்!