வினைக்குள் நுழையும் உணவு

வடமேற்குக் கிரீன்லாந்தின் அவனெர்சுவாக் பகுதியில் 'கிவியாக்' என்றோர் உணவு உண்டு. சீலின் தோலைக் கொழுப்போடு பைபோல உரித்து, அதற்குள் 300 முதல் 500 சிறு கடற்பறவைகளை இறகும் அலகும் நீக்காமல் அடைப்பார்கள். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயைத் தைத்து, தையல்மேல் கொழுப்பைப் பூசி, கற்குவியலின் அடியில் பல மாதங்கள் நொதிக்க விடுவார்கள். குளிர்கால விசேஷங்களில் அது பரிமாறப்படும். வெளியுலகம் இதை வினோதப் பண்டமாகவே பேசுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, கிரீன்லாந்து மொழி உணவுக்கு இலக்கணத்தில் கொடுத்திருக்கும் இடம்.

கிரீன்லாந்து மொழியில் 'நெரி' என்றால் உண்ணுதல். 'நெகி' என்றால் இறைச்சி. இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசலாம். ஆனால் 'நெகிதோர்போக்' என்ற ஒரே சொல்லிலும் 'அவர் இறைச்சி உண்கிறார்' என்று சொல்லிவிடலாம். நடுவில் வரும் 'தோர்' என்ற ஒட்டு உண்பதையும் குடிப்பதையும் குறிக்கும். 'அவர் காபி குடிக்கிறார்' என்பதை 'காஃபிசோர்போக்' என்பார்கள்; 'தோர்' இங்கே 'சோர்' ஆகிறது. மீனைக் குறிக்கும் 'ஆலிசகாக்' இதே முறையில் 'ஆலிசகார்தோர்போக்' ஆகிறது. புதிதாக வந்த காபியும் பழைய மீனும் ஒரே வாசல் வழியாக வினைக்குள் நுழைகின்றன.

தமிழில் 'மீன்பிடித்தான்' என்பதும் இப்படித்தானே என்று கேட்கலாம். ஆனால் 'பிடி' தனியாக நிற்கும் சொல். 'தோர்' தனியாக நிற்காது, பெயரின் தோளில்தான் வாழும். அப்படியானால் உள்ளே போன பெயர் உயிரிழந்த துண்டுதானே என்பது அடுத்த மறுப்பு. 1980-இல் மொழியியலாளர் ஜெரால்ட் சாடோக் இதற்கு விடை தந்தார். 'சபங்கார்சிவோக்' என்றால் 'மணி வாங்கினார்'. அதற்கு முன்னால் 'குசனார்துமிக்' என்று சேர்த்தால் 'அழகான மணி வாங்கினார்' என்றாகும். அழகு என்ற அடை வெளியே நிற்கிறது, மணி வினைக்குள் இருக்கிறது. ஆனாலும் அடை அந்த மணியைத்தான் சிறப்பிக்கிறது. உள்ளே போன பெயர் தன் பொருளை இழக்கவில்லை.

ஒரே ஒட்டு இப்படிப் பல பெயர்களை வினைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே, ஒரு மொழியின் வளத்தை அதன் சொற்களை எண்ணி அளப்பது தவறு. சில வேர்களையும் ஒட்டுகளையும் கொண்டு அதனால் எவ்வளவு சொல்ல முடிகிறது என்பதே சரியான அளவுகோல். ஏறத்தாழ 50,000 பேர் பேசும் கிரீன்லாந்து மொழிதான் 2009 முதல் கிரீன்லாந்தின் ஒரே ஆட்சிமொழி.