புது சைக்கிளிங் ஷூவில் க்ளீட் மாட்டப் போறீங்களா? முழங்காலைக் காப்பாற்றும் அரை மணி நேர வேலை இது!

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே சிறுவாணி சாலையிலும் மருதமலை அடிவாரத்திலும் ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்களைப் பார்ப்பது கோவைக்குப் பழகிப்போன காட்சி. ரேஸ்கோர்ஸில் ரவுண்டு அடிக்க ஆரம்பித்தவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வால்பாறை என்று ஏறத் தொடங்கியதும், அடுத்து ஆசைப்படுவது க்ளீட் மாட்டும் ஷூ.

க்ளீட் என்பது ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் சின்னத் துண்டு. பெடலில் வைத்து மிதித்தால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பூட்டு தயாரித்துவந்த பிரான்ஸின் 'லுக்' நிறுவனம்தான் 1984-ல் அதே யோசனையை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பெர்னார்ட் ஹினால்ட் அந்த பெடலோடு டூர் டி பிரான்ஸ் போட்டியை ஜெயிக்க, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சில மில்லிமீட்டர்... என்ன ஆகிவிடும்?

சாதாரண பெடலில் கால் தனக்கு வசதியான இடத்துக்குத் தானாக நகர்ந்துகொள்ளும். க்ளீட்டில் அது முடியாது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நிமிர்கிறது. க்ளீட் கோணலாக இருந்தால், அத்தனை முறையும் முழங்கால் கோணலாகவே திருகப்படும். முதல் நாள் தெரியாது. பத்தாவது நாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

முதலில் இதைப் பாருங்கள்

க்ளீட் பெரும்பாலும் பெடலோடுதான் வரும். இரண்டு போல்ட் வகை, மூன்று போல்ட் வகை என இரண்டு உண்டு. ஷூவின் துளைகளும் பெடலும் பொருந்துகின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு போல்ட் வகை சின்ன இரும்புத் துண்டு. பெரும்பாலும் ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கிவிடுவதால், டீக்கடையில் இறங்கி நடக்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதுவே வசதி. மூன்று போல்ட் வகை அகலமான பிளாஸ்டிக். ரேஸுக்கு நல்லது. ஆனால் தரையில் நடந்தால் சீக்கிரம் தேயும், டைல்ஸில் வழுக்கும்.

பிளாஸ்டிக் க்ளீட்டில் நிறத்தையும் கவனியுங்கள். கால் எவ்வளவு அசைய இடம் இருக்கிறது என்பதை அது சொல்லும். ஷிமானோவில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. லுக் கியோவில் கதை தலைகீழ். அங்கே சிவப்புதான் அதிகம், 9 டிகிரி. சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். புதியவர்களுக்கு அசைய இடம் தரும் க்ளீட்டே பாதுகாப்பு.

மாட்டும் முறை

1. ஓட்டும்போது போடும் சாக்ஸோடு ஷூவை அணிந்து இறுக்குங்கள். கட்டைவிரல் ஆரம்பிக்கும் இடத்தில் உள்பக்கம் துருத்தும் எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஷூவின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். சுண்டுவிரல் பக்கமும் அப்படியே.

2. பெடலின் அச்சு இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வருமாறு க்ளீட்டை வையுங்கள்.

3. மேஜை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் நேராக நிற்கிறதா, வெளியே பார்க்கிறதா? க்ளீட்டையும் அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி திருப்புங்கள். இரண்டு கால்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

4. போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, மாற்றி மாற்றி முடுக்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு 4 மி.மீ ஆலன் கீ போதும். லேத் பட்டறைகள் நிறைந்த ஊரில் அதற்குப் பஞ்சமா என்ன! டார்க் ரெஞ்ச் இருந்தால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். லூஸாக விட்டால், காலைத் திருப்பும்போது க்ளீட் மட்டும் சுற்றும், பெடல் விடாது.

சுவர் ஓரப் பயிற்சி

புது ஷூவோடு நேராக அவினாசி சாலைக்குப் போய்விடாதீர்கள். பஸ் திடீரென முன்னால் நிற்கும்போது காலை எடுக்க முடியாமல் சாய்ந்தால், அது விழும் இடம் நடுரோடு. சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாலும் 20, 30 முறை மாட்டி எடுத்துப் பழகுங்கள். பெடலின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்தால் கால் சுலபமாக வரும். பிறகு காலியான மைதானம், அதற்கப்புறம் சாலை. நிற்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே ஒரு காலை எடுத்துவிடும் பழக்கம் வர வேண்டும்.

வலி எங்கே?

விரல்கள் மரத்துப்போனாலோ, கெண்டைக்கால், குதிநரம்பு வலித்தாலோ க்ளீட் ரொம்ப முன்னால் இருக்கலாம். பின்னால் தள்ளுங்கள். முழங்காலின் பக்கவாட்டில் வலித்தால் கோணத்தைப் பாருங்கள். முன்பக்கம் வலித்தால், சீட் தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மாற்றியும் வலி நீடித்தால் ஆலன் கீயை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மழைக்குப் பிறகு பல்லடம் பக்கம் போனால் கரிசல் மண் க்ளீட்டில் அப்பிக்கொண்டு பூட்டவே விடாது. ஒரு பழைய டூத்பிரஷ் கைவசம் இருக்கட்டும். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதா? க்ளீட்டைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தேய்ந்து மாற்றும் நாளில், இத்தனை வேலையையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.