ப்ளூடூத் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? கோளாறு கருவியில் இல்லாமலும் இருக்கலாம்

பெங்களூரு: புதிதாக வாங்கிய ஹெட்செட் கைபேசியில் தெளிவாக ஒலிக்கிறது. அதையே மடிக்கணினியுடன் இணைத்தால் விட்டுவிட்டுக் கேட்கிறது. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி அரை வினாடி கழித்துத் தாவுகிறது. நேற்றுவரை வேலை செய்த கீபோர்டை இன்று கணினி அடையாளம் காண மறுக்கிறது. வீட்டிலிருந்தே பணிபுரிவோர் நாள்தோறும் சந்திக்கும் இத்தகைய சிக்கல்களில் பலவற்றைப் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்லாமலேயே சரிசெய்து கொள்ளலாம். ஆனால், எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூருவின் ஈஜிபுரா இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கோரமங்களாவை ஒட்டி, 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பப்பட்ட கேம்ஸ் வில்லேஜ் குடியிருப்புக்கு அருகில் உள்ளது இப்பகுதி. தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுடன், தகவல் தொழில்நுட்பம் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பணிகளுக்காக வந்த இளைஞர்களும் இங்குள்ள பிஜி விடுதிகளில் தங்கியுள்ளனர். சுவரோடு சுவர் ஒட்டிய நான்கைந்து மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஒரு வைஃபை ரூட்டர், அறைக்கு இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவரிடமும் ஒரு கைபேசி, ஒரு மடிக்கணினி, ஓர் இயர்பட். இந்தச் செய்தியாளர் வசிக்கும் கட்டடத்தில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கின்றன.

அந்த அறையில் அமர்ந்து, நேரலையில் ஒளிபரப்பான ஒரு செய்தியாளர் சந்திப்பை மொழிபெயர்த்தபோது, ஹெட்செட்டில் ஒலி ஒரு கணம் அறுந்து ‘ஃபிஃப்டீன்’ என்ற சொல்லின் இறுதி அசை காணாமல் போனது. 15 கோடி 50 கோடியாகப் பதிவானது. வெளியிடும் முன் காணொலியை மீண்டும் ஓடவிட்டுச் சரிபார்த்ததால் பிழை தப்பியது. நேர்காணலில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை. ஹெட்செட்தான் பழுது என்று எண்ணி மாற்றித் தருமாறு கேட்ட பிறகே உண்மையான காரணம் தெரியவந்தது. மடிக்கணினியில் செருகியிருந்த வெளி ஹார்டு டிஸ்க்தான் அந்தக் காரணம். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

காற்றில் ஒரு புறம்போக்கு நிலம்:

அலைக்கற்றை என்றதும் ஏலமும் 2ஜி வழக்கும் நினைவுக்கு வரக்கூடும். ஆனால், ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு ஏலம் ஏதுமில்லை. குறைந்த திறன் கொண்ட கருவிகள் உரிமம் இன்றி இதைப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளை வகுத்தது. ஊர்ப் புறம்போக்கு போல இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பழைய வைஃபை ரூட்டர்கள், கம்பியில்லா மவுஸுகள், சில கண்காணிப்பு கேமராக்கள் என அனைத்தும் இங்கேதான் குடியிருக்கின்றன. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அது இயங்கும்போது சிறிதளவு கசிந்தாலும் அருகிலுள்ள ப்ளூடூத் இணைப்பு தடுமாறும்.

இந்த நெரிசலைச் சமாளிக்கவே ப்ளூடூத் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வழக்கமான ப்ளூடூத் இணைப்பு, 79 சிறு தடங்களுக்கு இடையே வினாடிக்கு 1,600 முறை தாவுகிறது. எந்தத் தடத்தில் இரைச்சல் அதிகமோ அதைத் தவிர்த்துத் தாவும் திறன் 2003-இல் வெளியான 1.2 பதிப்பு முதல் சேர்க்கப்பட்டது. ஆயினும் வைஃபை ரூட்டரின் ஒரு தடமே ப்ளூடூத்தின் சுமார் 20 தடங்களை அடைத்துக்கொள்ளும் அகலம் உடையது. 1, 6, 11 ஆகிய மூன்று வைஃபை தடங்களும் அக்கம்பக்கத்து ரூட்டர்களால் நிரம்பிவிட்டால், தாவுவதற்கு இடம் மிஞ்சுவதில்லை. அத்துடன், சாதாரண இயர்பட் ஒன்றின் ப்ளூடூத் திறன் சுமார் 2.5 மில்லிவாட்; வைஃபை ரூட்டரின் திறனோ பொதுவாக 100 மில்லிவாட் அளவில் இருக்கும். சந்தையில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்று கிசுகிசுப்பது போன்றதுதான் இது.

முதலில் உங்கள் கணினியைக் கவனியுங்கள்:

பக்கத்து வீட்டு ரூட்டரை நாம் மாற்ற இயலாது. ஆனால், பெரும் இடையூறு பல நேரங்களில் நம் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே சிப்தான். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், பெரிய கோப்பு பதிவிறங்கும்போதோ காணொலி அழைப்பின்போதோ ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்க வேண்டியுள்ளது. எனவே முதல் சிகிச்சை, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. 2018-இல் இந்த வரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டதால் இங்கே இடம் தாராளம். பல ரூட்டர்கள் இரண்டு பெயர்களைக் காட்டும். அவற்றில் ‘5ஜி’ என்று முடியும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இந்த 5ஜிக்கும் கைபேசி நிறுவனங்கள் விற்கும் 5ஜிக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலர் கூடுதல் கட்டணம் வருமோ என்று அஞ்சி அதைத் தொடுவதே இல்லை.

5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைக் கடக்கும்போது எளிதில் வலுவிழக்கும். ரூட்டர் கீழ்த்தளத்திலும் அறை மூன்றாம் மாடியிலும் இருந்தால் இது எட்டாது. அத்தகைய விடுதிகளில், நேர்காணல் போன்ற முக்கியமான நேரத்துக்கு மட்டும் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் அமைத்துக் கொள்ளலாம். வாய்ப்பிருந்தால் லேன் கம்பியைச் செருகிவிடுவது இன்னும் மேல்.

இப்போது அந்த ஹார்டு டிஸ்க்குக்கு வருவோம். யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கம்பிகளும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலை உமிழ்கின்றன. இதை விளக்கி இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்; சிக்கல் தீர்ந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அதை மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே போதும். மவுஸின் சிறிய யூஎஸ்பி ரிசீவரை நீல நிறத் துளைக்கு அருகில் செருகியிருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். ஓரடி நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் அதைச் செருகி மவுஸுக்கு அருகில் வைத்தால் தடுமாற்றம் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ரிசீவருடன் வரும் மவுஸ் எல்லாம் ப்ளூடூத் மவுஸ் அல்ல. ரிசீவர் தொலைந்துவிட்டால் அந்த மவுஸை ப்ளூடூத் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இரண்டு வழிகளையும் ஆதரிப்பதாக அட்டைப்பெட்டியில் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே மாற்றி இணைக்க முடியும்.

இணைக்கும்போது நேரும் தவறுகள்:

விண்டோஸ் 11 கணினியில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்’ பகுதியில் ‘ஆட் டிவைஸ்’ என்பதை அழுத்த வேண்டும். கருவியை ஆன் செய்தால் மட்டும் போதாது. புதிய இணைப்புக்குக் காத்திருக்கும் நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். இயர்பட் என்றால் பெரும்பாலும் பெட்டியைத் திறந்து பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு விட்டுவிட்டு எரியும். முன்பே பழகிய கைபேசி அருகில் இருந்தால், இயர்பட் பெட்டியிலிருந்து வெளியே வந்த கணமே அதனுடன் ஒட்டிக்கொள்ளும். கணினியில் பெயர் தோன்றாததற்கு இதுவே மிகச் சாதாரணமான காரணம். கைபேசியின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

அதன் பிறகும் பெயர் தோன்றவில்லை எனில், ‘டிவைசஸ்’ பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ‘ப்ளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி’ என்பதை ‘அட்வான்ஸ்டு’ என மாற்றவும். இயல்பு நிலையில் விண்டோஸ் 11 பரவலான கருவிகளை மட்டுமே காட்டுகிறது. மற்றவை மறைந்தே இருக்கும். கீபோர்டை இணைக்கும்போது திரையில் 6 இலக்க எண் தோன்றும். அதைப் புதிய கீபோர்டிலேயே தட்டி ‘எண்டர்’ அழுத்த வேண்டும். மடிக்கணினியின் சொந்த விசைகளில் தட்டிவிட்டுக் காத்திருப்போர் பலர்.

பட்டியலில் பெயர் இருந்தும் இணையவில்லை என்றால், ‘ரிமூவ் டிவைஸ்’ கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். இரு கருவிகளும் தமக்குள் பகிர்ந்துகொண்ட ரகசியக் குறியீட்டில் ஒன்று அழிந்துபோனால், மற்றொன்று மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

ப்ளூடூத் பொத்தானே காணாமல் போவது இன்னொரு வகை. முதலில் ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள், ‘ஷட் டவுன்’ அல்ல. விரைவாக இயங்கத் தொடங்குவதற்காக, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’தான் முழுமையாகத் துடைத்துத் தொடங்குகிறது. அதற்கும் அசையாவிட்டால், மின்கம்பியைக் கழற்றி, கணினியை அணைத்து, பவர் பொத்தானை 30 வினாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு இயக்கிப் பார்க்கலாம். பின்னர் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ப்ளூடூத் வரியில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி உள்ளதா எனப் பார்த்து, மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய டிரைவரை நிறுவுங்கள். டிரைவர்களைத் தானே தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நாட வேண்டாம். சில நிமிடங்கள் ஓய்ந்திருந்தால் மட்டும் மவுஸ் உறங்கிவிடுகிறது என்றால், அதே ‘டிவைஸ் மேனேஜரில்’ ப்ளூடூத் அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் மின்சேமிப்புக்கான தேர்வுக்குறியை நீக்க வேண்டும்.

மேசைக் கணினிகளில் ப்ளூடூத் இல்லாமலும் இருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி அடாப்டர் போதுமானது. ஏற்கெனவே உள்ள ப்ளூடூத் பழுதாகி அடாப்டர் வாங்கியவர்கள் பழையதை ‘டிவைஸ் மேனேஜரில்’ முடக்கிவிட வேண்டும். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ப்ளூடூத் அடாப்டரைத்தான் ஏற்கும்.

நேர்காணலில் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது?

பாட்டு கேட்கும்போது துல்லியமாக இருந்த அதே ஹெட்செட், காணொலி அழைப்பு தொடங்கியதும் பழைய வானொலிப் பெட்டி போலக் கரகரப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். இது பழுதன்று. பாட்டுக்கு ஒலி ஒரு திசையில் மட்டும் சென்றால் போதும். மைக் திறந்ததும் அதே குறுகிய பாதையில் இரு திசைகளிலும் குரல் செல்ல வேண்டியிருப்பதால், வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட் தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. இரு காதுகளுக்கும் தனித்தனியாகப் பிரிந்த ஒலியும் போய்விடும். இதற்கு எளிய மாற்று உண்டு. அழைப்புச் செயலியின் அமைப்புகளில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு எதிர்த்தரப்பின் குரல் தெளிவாகக் கேட்கும். அறை அமைதியாக இருந்தால் உங்கள் குரலும் அவர்களுக்குத் தெளிவாகச் சேரும். ஈஜிபுரா மேம்பாலப் பணிக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இந்த ‘அமைதி’ நிபந்தனை கடினம்தான். 2017-இல் தொடங்கிய அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. அத்தகையோருக்கு 3.5 மில்லிமீட்டர் கம்பி ஹெட்செட்டே நம்பகமானது.

யாருடைய கீபோர்டு?

நெருக்கமான குடியிருப்பில் பாதுகாப்பும் ஒரு கேள்வி. கம்பியில்லா மவுஸுகளின் ரிசீவர்கள் சிலவற்றுக்குத் தொலைவிலிருந்தே போலி விசைத்தட்டல்களை அனுப்ப முடியும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவன ஆய்வாளர் மார்க் நியூலின் 2016-இல் காட்டினார். பயனரின் அனுமதியின்றியே ஒரு போலி ப்ளூடூத் கீபோர்டை ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் கருவிகளுடன் இணைக்க வழியிருந்ததை 2023 டிசம்பரில் வெளிப்படுத்தியவரும் அவரே. அதற்கான திருத்தங்கள் வெளியாகிவிட்டன. ஆனால் அவை புதுப்பிக்கப்பட்ட கருவிகளை மட்டுமே காக்கும். விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீங்கள் கோராத இணைப்புக் கோரிக்கை திரையில் தோன்றினால் நிராகரியுங்கள். 6 இலக்க எண் இரு திரைகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் ‘யெஸ்’ அழுத்த வேண்டாம். கணினியின் பெயரில் உங்கள் முழுப் பெயரும் அறை எண்ணும் இருந்தால் மாற்றிவிடுங்கள்; அந்தப் பெயர் பக்கத்து அறைப் பட்டியலிலும் தெரியும்.

அறைத்தோழர் விடுதியைக் காலி செய்யும் நாளில், அவருடைய மடிக்கணினியிலிருந்து உங்கள் ஹெட்செட்டின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். மடிக்கணினியை விற்கும் முன்பும் இணைப்புப் பட்டியலை வெறுமையாக்கிவிடுவது அவசியம். ஏற்கெனவே விற்றாயிற்று எனில், ஹெட்செட்டின் கையேட்டில் உள்ளபடி அதைத் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்தால், பழைய கணினி அதனுடன் மீண்டும் தானாக இணைய முடியாது.