வேர்வாடல் கண்ட ஊர்களில் தென்னம்பிள்ளை தெரிந்தெடுத்தல்

கேரள எல்லையை ஒட்டிய கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோயமுத்தூர் ஜில்லாக்களில் தென்னை வைத்திருக்கும் குடியானவர்களுக்கு வேர்வாடல் வியாதியைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டுவதில்லை. 1882-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்திற்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கத்தில் காணப்பட்ட இந்நோய் மரத்தைச் சட்டென்று கொல்லுவதில்லை. சிற்றிலைகள் விறைப்பிழந்து விலா எலும்பைப்போல் உள்நோக்கி வளையும், மட்டைகள் மஞ்சளித்து ஓரம் கருகும், குரும்பை உதிரும், காய்ப்பு வருஷாவருஷம் குறையும். நிற்கிற மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. நோய் பரவுவதற்கு இத்தயக்கமே பெரிதும் இடங்கொடுக்கிறது.

அடித்தண்டில் செந்நீர் கசியுமானால் அது தஞ்சாவூர் வாடல் என்னும் பூசண நோய். அதற்குப் பரிகாரம் வேறு. வேர்வாடலை உண்டாக்குவது பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். கண்ணாடியிறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதனை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கின்றன. பற்றிய மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆகையால் நடும் பிள்ளையைத் தெரிந்தெடுப்பதிலேயே ஜாக்கிரதை வேண்டும்.

சந்தையில் குவித்து விற்கும் பிள்ளைக்குத் தாய்மரம் எதுவென்று விற்பவருக்கே தெரியாது. அதனை மலிவென்று வாங்குவது உசிதமன்று. நோய் மலிந்த தோப்பில் பல வருஷம் பசுமை மாறாமல் நின்று காய்க்கும் மரமே விதைக்கு ஏற்றது. எனினும் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நெட்டை மரம் பெரும்பாலும் அயல் மகரந்தத்தால் கருவுறுவது. தாய் நல்லதாயினும் தகப்பன் பக்கத்து நோய்மரமாயிருக்கலாம். குட்டை ஜாதியோ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால் பிள்ளை தாயைப்போலவே அமையும். காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தார் சாவக்காட்டுப் பச்சைக் குட்டையிலிருந்து கல்பஸ்ரீ என்னும் ரகத்தையும், மலேயாப் பச்சைக் குட்டையிலிருந்து கல்பரக்ஷா என்பதையும் இவ்வாறே தெரிந்தெடுத்தனர். சாவக்காட்டுப் பச்சைக் குட்டையோடு மேற்குக் கரை நெட்டையைச் சேர்த்த ஒட்டு, கல்பசங்கரா. வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று மரம் வைப்பவருக்குக் கல்பஸ்ரீ போதும். ஆயின் குட்டை ஜாதி வறட்சியைத் தாங்காது, கோடையில் தண்ணீர் தவறக்கூடாது. இவை நோயை எதிர்த்து நிற்பவையேயன்றி, நோய் அறவே அணுகாதவை என்று எண்ணி உரத்தையும் பராமரிப்பையும் கைவிடுவது தவறு.

விதைக்காய் பதினொரு மாதத்துக்குக் குறையாமல் முற்றியிருக்கவேண்டும். நாற்றங்காலில் ஐந்து மாதத்துக்குள் முளைக்காதவற்றைத் தள்ளிவிடுக. பத்துப் பன்னிரண்டு மாதப் பிள்ளையில் ஆறு இலைக்குக் குறையாமலும், கழுத்துச் சுற்றளவு பத்து சென்டிமீட்டருக்கு மேலும் இருப்பவையே நடத்தக்கவை. இருபத்தைந்து அடி இடைவெளியில் மூன்றடிக் குழியெடுத்து, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு நடவேண்டும். வட்டப்பாத்தியில் சணப்பு விதைத்துப் பூக்குந்தருணம் மடக்கி மண்ணில் சேர்ப்பது நன்று.

புதுப்பிள்ளை வைக்குமுன், வருஷத்துக்குப் பத்துக் காய்கூடக் கொடாத நோய்மரங்களை அகற்றவேண்டும். புறம்போக்கிலும் கோயில் தோப்பிலும் அத்தகைய மரம் கேட்பாரற்று நிற்பின், கிராம அதிகாரிகள் அவற்றைக் கணக்கெடுத்து மேலிடத்துக்குத் தெரிவிப்பது அவசியம். நோய் கண்ட ஊரின் பிள்ளைகளை நோயில்லாத ஊருக்குக் கொண்டுபோவதையும் அவர்கள் தடுத்துச் சொல்லவேண்டும்.