எந்தக் கதவைத் தட்டுவது?

தங்கவயலில் வாழும் நமக்குக் குறைகள் பல உண்டு. ஆனால் எந்தக் குறையை யாரிடம் சொல்வது என்பதில்தான் குழப்பம். சாக்கடை அடைத்தாலும், பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் ஒரே ஆளைத் தேடி ஓடுகிறோம். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியல் சட்டமோ அதிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறது.

குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர். ஆனால் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்படுகிறார். அமைச்சரவையோ மக்களவைக்குப் பொறுப்பானது. அங்கே பெரும்பான்மை இழந்தால் பதவி விலக வேண்டும். மாநிலத்தில் ஆளுநர், முதலமைச்சர், சட்டசபை என்று இதே அமைப்பு. கர்நாடகத்தின் 224 சட்டசபைத் தொகுதிகளுள் தங்கவயல் ஒன்று. கோலார் மக்களவைத் தொகுதியில் அடங்கிய எட்டுத் தொகுதிகளுள்ளும் ஒன்று. இரண்டுமே தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை.

நம் சுரங்கத்தின் கதையே இதற்குப் பாடம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆகவே 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் பெங்களூர் அல்ல, டில்லி. நாடாளுமன்றத்தில் அமைச்சரைக் கேள்வி கேட்கும் உரிமை நம் எம்.பி.க்கு உண்டு, எம்.எல்.ஏ.வுக்கு அந்த அவையில் இடமில்லை. குப்பை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு நகரசபை உறுப்பினரே முதல் கதவு.

இனி மொழி. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. எல்லையை எங்கே வரைந்தாலும் மறுபுறம் சிலர் நிற்கத்தானே செய்வர்? அதற்காகவே அதே ஆண்டு ஏழாவது திருத்தத்தின் மூலம் இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 350-பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அதிகாரியைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவரது அறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகிறது. 30-ஆம் பிரிவு, நாமே பள்ளி தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. சிறுபான்மை என்பதை மாநில அளவில்தான் கணக்கிட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே நாடெங்கும் தமிழர் எத்தனை பேர் இருந்தாலும், கர்நாடகத்தில் நாம் மொழிச் சிறுபான்மையினரே.

350-ஆம் பிரிவின்படி, மாநில அதிகாரிக்கு இம்மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் மனு எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. ஆகவே தமிழ் மனுவோடு கன்னடப் படியையும் இணைப்பது புத்திசாலித்தனம். நாம் வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது நம் உரிமையைக் குறைப்பதல்ல. அதைக் கேட்டுப் பெற உதவும் கருவி.

ஒன்றை மறக்கலாகாது. சட்டம் சொல்வது "முயல வேண்டும்" என்பதே. வகுப்பில் பிள்ளைகள் இல்லாவிட்டால் அரசு எதற்காக முயலும்? தமிழ் வகுப்பு வேண்டும் என்று மனுவில் கையெழுத்திடும் பெற்றோர், சேர்க்கைப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கதவு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.