சீனியர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

மாதாமாதம் ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 20-ஆம் தேதி கெடு. தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரியே இல்லாத மாதத்துக்கும் 20 ரூபாய் உண்டு. கெடுவுக்கு முதல் நாள் இரவு வரி ஆலோசகர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால், பிறந்தநாள் கேக் படம், அதற்கு வரிசையாகக் கைதட்டல், ராசிபலன், ஒரு மேடைப் பேச்சு வீடியோ. நடுவே ஒரு ஜூனியரின் கேள்வி:

"சார், ஏ.எஸ்.எம்.டி. 10 வந்திருக்கு. பில் காட்டலை, இன்புட் தப்புன்னு சொல்றாங்க. என்ன பதில் போடுறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எந்த வருடத்து நோட்டீஸ்? 2017-18, 2018-19 என்றால் 2022 டிசம்பரில் வந்த சுற்றறிக்கை கைகொடுக்கும்: ஒரு சப்ளையரிடம் ஆண்டுக்கு வித்தியாசம் 5 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டர் சான்று, அதற்குள் இருந்தால் சப்ளையர் எழுதிக் கொடுத்தாலே போதும். 2022 ஜனவரிக்குப் பிந்தைய பில் என்றால் கதையே வேறு. சப்ளையர் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யில் ஏறாமல் இன்புட் வரி வரவு கிடையாது. வருடத்தைச் சொல்லாத கேள்விக்குப் பதில் எழுதுபவர் நாலு பதில் எழுத வேண்டும். நாலையும் எழுதிய சீனியரின் தலைக்கு மேல் அரை மணி நேரத்தில் பத்து 'குட் நைட்' ஏறிவிடும். அடுத்த வாரம் அதே கேள்வியை இன்னொருவர் கேட்பார்.

அந்த சீனியர் எத்தனை நாள் பொறுப்பார்? குரூப்பை விட்டு விலகுவதில்லை. அது மரியாதைக் குறைவாம். ம்யூட்டில் போட்டுவிட்டு, தெரிந்த நாலு பேரோடு தனி குரூப் தொடங்கிவிடுகிறார். என் கவலை அங்கேதான். பெரிய ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் பையனுக்கு யாரையாவது கேட்க வழி இருக்கிறது. சிறு ஊரில் தனியாகப் போர்டு மாட்டியவனுக்கு இந்த குரூப்தான் குருகுலம். அங்கே மிச்சம் இருப்பது அரைகுறைகளும் ஃபார்வர்டுகளும்.

ஃபார்வர்டு என்றால் சாதாரணம் இல்லை. 2025 செப்டம்பரில் வருமான வரி ரிட்டர்னுக்கான கெடு 30-ஆம் தேதி வரை நீண்டதாகச் செய்தி பரவி, அது பொய் என்று துறையே மறுக்க வேண்டி வந்தது. கடைசியில் நீட்டியது ஒரே ஒரு நாள்.

வாழ்த்துச் சொன்னால்தானே ஒட்டுறவு என்பார்கள். தீபாவளிக்குச் சரி.

மற்ற நாட்களில் அட்மின் கொஞ்சம் கல்நெஞ்சராக இருக்கட்டும். பிறர் போட்டதை அழிக்கும் வசதி அவர் கையில் 2022-இலிருந்தே இருக்கிறது. மனசுதான் வருவதில்லை, ஏனென்றால் கேக் படம் போட்டவர் சங்கத்துப் பெரியவர். வாழ்த்துக்குத் தனி குரூப். வருடம், பிரிவு, நோட்டீஸ் தேதி இல்லாத கேள்விக்கு இடமில்லை. வந்த நல்ல பதில்களைப் பிரிவு எண்ணோடு ஒரு ஃபைலில் சேர்த்து வைத்தால், தேடிப் பார்க்காமல் கேட்பவருக்குப் பக்க எண்ணை மட்டும் அனுப்பலாம்.