ஆஸ்திரேலியரும் விரச நகைச்சுவையும்

விரசமான பேச்சைத் தாழ்ந்ததென்று ஒதுக்குவது கற்றோர் வழக்கம். எனினும், ஒரு ஜனசமூகம் அத்தகைய பேச்சையே விரும்பிச் சிரிக்குமாயின், அதன் காரணத்தை ஆராய்தல் தகும். ஆஸ்திரேலியர் இதற்கு நல்ல உதாரணமாவர்.

1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் சர்க்கார் அக்கண்டத்திற்குக் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பினர். கைதிகளும், பின்னர் ஆட்டு மந்தை காப்போரும், பொன் தோண்டுவோரும் கூடி வாழ்ந்த அந்நாட்டில், பட்டமும் பகட்டும் காட்டுவோனை எள்ளி நகைத்தல் இயல்பாயிற்று. கனவான்களின் மெருகிட்ட பேச்சுக்குக் கொச்சை மொழியே அவர்கள் அளித்த மறுமொழி.

இந்நகைக்கு மேடையில் உருவளித்தவருள் தலைசிறந்தவர் 'மோ' என்னும் ராய் ரெனி (1891–1954). வெண்பூச்சிட்ட முகத்தில் கரிய தாடி தீட்டி, 1916 முதல் நாட் பிலிப்ஸ் என்பவரோடு இணைந்து நடித்துப் புகழ்பெற்றார். அவர் வாய்விட்டுக் கூறியது சிறிது. கண்ணசைவாலும் மௌனத்தாலும் உணர்த்தியதே பெரிது. இரட்டுறமொழிதலில் குற்றமற்ற பொருளை நடிகர் தருவார். மற்றைப் பொருளைச் சபையோர் தம் மனத்திலிருந்தே கொணர்வர். ஆகவே, சிரித்தவனும் குற்றத்தில் பங்காளி அன்றோ!

பின்னர்த் தோன்றிய பாரி ஹம்ப்ரீஸ் (1934–2023), பாரி மெக்கென்ஸி என்னும் பாத்திரத்தைப் படைத்தார். லண்டனுக்குச் சென்று, பீர் மயக்கத்தில் வாய்க்கு வந்ததைப் பேசும் வெள்ளையுள்ளத்தான் அவன். அச்சித்திரக் கதைப் புத்தகம் ஆபாசமென்று ஆஸ்திரேலியாவில் தடைசெய்யப்பட்டது. ஆயினும், 1972-இல் அக்கதை சினிமாவானபோது அந்நாட்டுப் பொதுப்பணமே அதற்கு உதவிற்று! 1974-இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் பிரதம மந்திரி கோஃப் விட்லமே தோன்றி நடித்தார். ஆள்வோரும் தம்மைக் கேலிக்கு உட்படுத்திக்கொள்ளுதல் அந்நாட்டில் பெருமைக்கு இழுக்கன்று.

ஆயினும், இந்நகை என்றும் மேலோரை நோக்கியே பாயவில்லை. பெண்டிரையும் பிற சிறுபான்மையோரையும் பலகால் தாக்கிற்று. டாஸ்மேனியாவில் பிறந்த ஹன்னா காட்ஸ்பி 2017-இல் மெல்போர்ன் நகைச்சுவை விழாவில் பரிசு பெற்ற தம் நிகழ்ச்சியில் இதனையே வினவினார். முன்னரே ஒதுக்கப்பட்டவர் பிறர் சிரிக்கத் தம்மை இகழ்ந்துகொள்வது பணிவாகுமா, அவமானமாகுமா என்பதே அவ்வினாவின் சாரம்.

எனவே, ஒரு வேடிக்கைப் பேச்சின் தரத்தை அதன் சொல்லைக்கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அது யாரைத் தாக்குகின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். அகந்தையைக் குத்தும் கொச்சைச் சொல் மருந்தாதலும் கூடும். எளியோரைக் குத்தும் இன்சொல்லோ நஞ்சேயாம்.